அண்ணாந்து பார்க்காத ஊர்

சனி பகவான் எந்த ராசியில் இருக்கிறார் என்று மயிலாப்பூரில் யாரை நிறுத்திக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஏழரை யாருக்கு விடுகிறது, அஷ்டமம் யாருக்குப் பிடிக்கிறது, எள் தீபம் எத்தனை ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் வக்கீலுக்கும் தெரியும். அவர் வீட்டுச் சமையற்காரருக்கும் தெரியும். அதே வக்கீலை மேகமில்லாத ஓர் இரவில் மொட்டை மாடிக்கு அழைத்துக்கொண்டு போய், "சனி எங்கே இருக்கிறது, விரலை நீட்டிக் காட்டுங்கள் பார்க்கலாம்" என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பார். வெறுங்கண்ணுக்கே தெரிகிற கிரகம் அது. அறுபது வருஷம் அதற்குப் பயந்து வாழ்ந்த மனிதர், அதை ஒரு நாளாவது நேரில் பார்த்ததில்லை.

சென்ற பெயர்ச்சியின்போது நடந்த கூத்து நினைவிருக்கலாம். திருக்கணிதப் பஞ்சாங்கம் 2025 மார்ச் 29 என்றது. வாக்கியப் பஞ்சாங்கம் 2026 மார்ச் 6 என்றது. ஏறக்குறைய ஒரு வருஷ வித்தியாசம்! ரெயில் ஒரு மணி நேரம் தாமதமானால் ஸ்டேஷன் மாஸ்டரைப் பிடித்து உலுக்குகிற நம் ஜனங்கள், ஒரு கிரகம் பதினோரு மாதம் முன்பின்னாக வருகிறது என்றபோது, இரண்டு தேதியிலும் அர்ச்சனை செய்துவிட்டால் போயிற்று என்று இருந்துவிட்டார்கள். வானத்தில் ராசிக்கு ராசி வேலி போட்டு வைத்திருக்கவில்லைதான். ஆனாலும் சனி எந்த நட்சத்திரத்துக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது கண்ணால் பார்த்து அளக்கக்கூடிய சங்கதி. "வாருங்கள், மேலே போய்ப் பார்ப்போம்" என்று ஒரு குரலாவது எழுந்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஜோதிடத்தோடு சண்டை போட நான் வரவில்லை. அது வேறு சண்டை. அதற்கு ஒரு ஆயுள் போதாது. என் சண்டை, பார்க்காமலிருப்பதையே ஒரு கௌரவமாக வைத்துக்கொண்டிருக்கும் நம் படித்த வர்க்கத்தோடு. அதற்கு உடனடிக் காரணம் ஒரு வால்நட்சத்திரம்.

2023 ஆகஸ்டு மாதம் ஜப்பானில் ஹிடியோ நிஷிமுரா என்பவர் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அவர் எந்த வானாராய்ச்சி நிலையத்திலும் உத்தியோகம் பார்ப்பவர் அல்லர். ஒரு காமிராவை விடியற்காலை வானத்துக்கு நேராக வைத்துப் படம் எடுத்து, எடுத்ததைப் பொறுமையாகப் பார்த்தவர். அவ்வளவுதான். அவர் பெயரே அந்த வால்நட்சத்திரத்துக்கு நிலைத்துவிட்டது. இதை, பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற என் அடையாறு நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே தீர்ப்பு வழங்கினார்: "இதெல்லாம் வேலையில்லாதவன் செய்யற காரியம் சார். இப்பல்லாம் மெஷினே பார்த்துடறது. அதுவும் போக, நம்ம பெரியவா எல்லாத்தையும் எப்பவோ எழுதி வெச்சுட்டுப் போயாச்சு."

ஒரே மூச்சில் மூன்று அபத்தங்கள். நண்பரைச் சொல்லிக் குற்றமில்லை; அவர் தனியாகப் பேசவில்லை. மயிலாப்பூரும் தியாகராய நகரும் அடையாறும் சேர்ந்து அவர் வாயால் பேசுகின்றன.

வேலையில்லாதவன் செய்கிற காரியமாம். பீலா என்ற வால்நட்சத்திரத்தை 1826இல் கண்டு தன் பெயரைக் கொடுத்த வில்ஹெல்ம் ஃபான் பீலா ஆஸ்திரியப் பட்டாளத்தில் அதிகாரி. மார்ஸேல் நகரத்து வானாராய்ச்சி நிலையத்தில் ழான் லூயி போன்ஸ் என்று ஒருவர் இருந்தார். அவர் அங்கே சேர்ந்தது வாசல் காப்பவராக. நிலையத்தின் உள்ளே இருந்த பண்டிதர்களை எல்லாம் விட்டுவிட்டு வால்நட்சத்திரங்கள் அந்த வாயிற்காவலருக்குத்தான் தரிசனம் கொடுத்தன. 37 வால்நட்சத்திரங்கள் அவர் கணக்கில் இருக்கின்றன. 1963இல் கவோரு இக்கேயா என்ற ஜப்பானிய இளைஞர், வயது பத்தொன்பது, பியானோத் தொழிற்சாலையில் தொழிலாளி, தன் கையாலேயே செய்துகொண்ட தொலைநோக்கியில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டார். இரண்டு வருஷம் கழித்து, 1965 செப்டம்பரில், இன்னொன்று. அதே விடியலில், சில நிமிஷ இடைவெளியில், வேறோர் ஊரிலிருந்து அதையே பார்த்தவர் சுடோமு செகி என்ற கிடார் வாத்தியார். இக்கேயா-செகி என்று பெயர் பெற்ற அந்த வால்நட்சத்திரம் அக்டோபரில் சூரியனுக்குப் பக்கத்தில் பட்டப்பகலில் தெரிந்தது. 1997இல் நாமெல்லாம் சாயங்கால வானத்தில் பார்த்தோமே ஹேல்-பாப், அதில் பாப் என்கிற தாமஸ் பாப்புக்குச் சொந்தமாகத் தொலைநோக்கிகூடக் கிடையாது. கட்டடச் சாமான் தயாரிக்கும் இடத்தில் வேலை. பார்த்தது சிநேகிதருடைய தொலைநோக்கியில்.

இவர்கள் அத்தனை பேருக்கும் வேலை இருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு வானத்தைப் பார்த்துவிட்டு, எட்டு மணிக்கு ஆலைக்குப் போனவர்கள். வேலையில்லாதவர்கள் என்று பார்த்தால், சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை தொடர் நாடகம் பார்க்கிற நாம்தான்.

அமெச்சூர் என்ற சொல்லைக் கேட்டு இளக்காரமாகச் சிரிக்க இந்த ஊருக்கு யோக்கியதையே கிடையாது. அமெச்சூர்களால் கட்டப்பட்ட ஊர் இது. பகலில் பாங்கில் பேரேட்டைப் புரட்டிய மனிதர்கள் ராத்திரி சபா மேடையில் ராஜபார்ட் கட்டினார்கள். மார்கழியில் கச்சேரி கேட்க வருகிற ஆடிட்டரை எந்தச் சர்வகலாசாலையும் சங்கீதத்தில் பாஸ் செய்துவிடவில்லை. ஆனால் பைரவியில் ஒரு தைவதம் இடம் மாறி விழட்டும், மூன்றாவது வரிசையில் அவர் முகம் சுளிப்பதைப் பார்க்கலாம். எப்படித் தெரிந்தது? நாற்பது வருஷமாகக் கேட்ட காது. ராகம் முழுவதும் உள்ளே இருக்கிறது. அதில் இல்லாத ஒன்று வந்தால் உறுத்துகிறது.

வால்நட்சத்திரம் தேடுகிறவனின் வித்தையும் இதுவேதான். தேடும்போது அதற்கு வால் இருக்காது. தூரத்தில் வருகையில் அது பஞ்சு ஒட்டிக்கொண்டாற்போல் ஒரு மங்கலான திட்டு. வானத்தில் அப்படி நிரந்தரமான திட்டுகள் வேறு ஏராளம். சார்ல்ஸ் மெஸ்ஸியே என்ற பிரெஞ்சுக்காரர் பதினெட்டாம் நூற்றாண்டில் அவற்றில் நூற்றுக்கு மேற்பட்டவற்றைப் பட்டியல் போட்டார். எதற்காக? 'இவையெல்லாம் வால்நட்சத்திரம் அல்ல. ஏமாந்து போகாதீர்கள்' என்று சொல்வதற்காக. இன்றைக்கு அந்தப் பட்டியலில் உள்ளவைதான் வானத்து அழகுகள் என்று கொண்டாடப்படுகின்றன. அது வேறு வேடிக்கை. தேடுகிறவன் இந்தத் திட்டுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள நட்சத்திரங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டும். நேற்று இல்லாத ஒன்று இன்று இருந்தால் அவன் கண்ணை உறுத்த வேண்டும். பிறகு ஒரு மணி நேரமோ ஒரு நாளோ பொறுத்து, அது நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் தந்தி கொடுக்க வேண்டும்; இப்போது மின்னஞ்சல். இதற்குக் கணித மேதை வேண்டாம். ரசிகன் வேண்டும். ரசிகர்களுக்கு மயிலாப்பூரில் பஞ்சமா? காதுக்கு இவ்வளவு பயிற்சி கொடுத்த ஊர் கண்ணை மட்டும் ஏன் பட்டினி போட்டது என்பதுதான் என் கேள்வி.

"அதெல்லாம் அந்தந்த ஊர் வசதி சார், நமக்கு ஏது?" என்று ஒரு சமாதானம் வரும். வசதியைப் பற்றியும் பார்த்துவிடலாம். வங்காளத்தில் ஜஸோர் பக்கம் ராதாகோவிந்த சந்திரர் என்று ஒருவர் இருந்தார். பள்ளி இறுதிப் பரீட்சையில் மூன்று தடவை தோற்றவர். ஜில்லா கஜானாவில் நாணயம் செல்லுமா செல்லாதா என்று தட்டிப் பார்க்கிற சின்ன உத்தியோகம். 1910இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது அதைப் பார்த்துப் பார்த்துப் பித்துக்கொண்டு, பணம் சேர்த்துச் சீமையிலிருந்து மூன்றங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார். 1918 ஜூன் 7ஆம் தேதி கழுகு மண்டலத்தில் முந்தின நாள் வரை இல்லாத ஒரு நட்சத்திரம் ஜொலிப்பதை, யாரும் சொல்லாமல் தாமாகவே கண்டார். அது முதல் அமெரிக்கச் சங்கம் ஒன்றுக்கு மாறும் நட்சத்திரங்களைப் பற்றிக் குறிப்புகள் அனுப்ப ஆரம்பித்தார். ஒன்றல்ல, இரண்டல்ல, 37,000க்கும் மேல். அந்தச் சங்கத்தார் 1926இல் ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கப்பலேற்றி அவருக்கு அனுப்பினார்கள். தேசப் பிரிவினையில் ஊரை விட்டு வந்த பிறகும் அவர் பார்ப்பதை விடவில்லை.

அந்த ஆறங்குலக் கண்ணாடி பிற்பாடு எங்கே வந்தது தெரியுமோ? வைணு பாப்புவின் கைக்கு வந்து, கடைசியில் நம் ஜவ்வாது மலையில் காவலூர் வந்து சேர்ந்தது. கஜானாக் குமாஸ்தாவின் கண்ணாடி, தேசத்தின் பெரிய வானாராய்ச்சி நிலையத்தில்! பாப்பு யார் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். 1927இல் இதே சென்னையில் பிறந்தவர். ஹைதராபாத்தில் மாணவராக இருக்கும்போதே ராத்திரிகளில் நட்சத்திரங்களைக் கணக்கெடுத்தவர். 1949 ஜூலையில் அமெரிக்காவில் ஹார்வர்டில் படிக்கப் போயிருந்த இடத்தில், தாம் எடுத்த படத்தகட்டில் ஒரு வால்நட்சத்திரம் இருப்பதைக் கண்டார். பாப்பு-பாக்-நியூகர்க் என்று அதற்குப் பெயர். அவர் பெயரில்தான் காவலூர் நிலையம் இருக்கிறது. நம் பெண்ணும் பிள்ளையும் ஏலகிரிக்கு உல்லாசப் பிரயாணம் போகிறார்கள்; அங்கிருந்து காவலூர் எவ்வளவு தூரம் என்று ஒருவருக்கும் தெரியாது.

'பெரியவா எழுதி வெச்சாச்சு' என்கிற மூன்றாவது அபத்தத்துக்கு வருகிறேன். இதுதான் எனக்கு அதிகக் கோபத்தைத் தருவது. ஏனென்றால் உண்மையிலேயே இந்த ஊரில் ஒரு பெரியவர் இருந்தார், அவரை நாம் மறந்தோம்.

புயல் சின்னம் உருவாகும்போதெல்லாம் டெலிவிஷன்காரர்கள் மைக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்களே, நுங்கம்பாக்கம் வானிலை ஆபீஸ், அந்த வளாகத்தில்தான் சென்னை வானாராய்ச்சி நிலையம் இருந்தது. அதன் பூர்வீகத்தையும் கேளுங்கள். கும்பினி உத்தியோகஸ்தர் வில்லியம் பெட்ரி என்பவர் 1786இல் எழும்பூரில் சொந்தச் செலவில் ஒரு வானாராய்ச்சிக் கூடம் வைத்துக்கொண்டார். அவரும் அமெச்சூர்தான். அவர் கொடுத்த கருவிகளைக் கொண்டு 1792இல் நுங்கம்பாக்கத்தில் சர்க்கார் நிலையம் எழுந்தது. கருவிகளைத் தாங்கிய பத்து டன் கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது.

1872ஆம் வருஷம் அங்கே தலைமை வானசாஸ்திரி நார்மன் போக்ஸன். அந்த நவம்பர் 27ஆம் தேதி ஐரோப்பாவில் நட்சத்திர மழை பொழிந்தது. முன்னே சொன்ன பீலா வால்நட்சத்திரம் 1846இல் இரண்டாகப் பிளந்து, 1852க்குப் பிறகு காணாமல் போயிருந்தது. அதன் துகள்களே இப்படிப் பொழிகின்றன என்று ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்து கிளிங்கர்ஃப்யூஸ் யூகித்தார். அப்படியானால் பூமியை உரசிக்கொண்டு போன வால்நட்சத்திரம் இந்நேரம் தெற்கு வானத்தில், செந்தாரஸ் மண்டலத்தின் பக்கம் இருக்க வேண்டும். ஜெர்மனியில் அந்தப் பகுதி அடிவானத்தைத் தாண்டித் தலைகாட்டுவதே அரிது. எங்கிருந்து தெரியும்? சென்னையிலிருந்து தெரியும். பறந்தது தந்தி: பீலா பூமியைத் தொட்டுவிட்டது, அந்த இடத்தில் தேடு என்று.

டிசம்பர் மாதத்துச் சென்னை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரெல்லாம் மேகம். போக்ஸன் விடாமல் காத்திருந்தார். டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலை மேகம் கொஞ்சம் விலகியது. சொன்ன இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வால்நட்சத்திரம்! 3ஆம் தேதியும் பார்த்தார்; மங்கலாக ஒரு வால்கூடத் தெரிந்தது. அதோடு மறுபடியும் மூடிக்கொண்டது வானம். பிறகு அதை ஒருவரும் பார்க்கவில்லை.

ஒரு வால்நட்சத்திரத்தின் பாதையைக் கணக்கிடக் குறைந்தது மூன்று நாள் பார்வை வேண்டும். இரண்டுதான் கிடைத்தது. பிற்காலத்தார் கணக்குப் பார்த்ததில், அது பீலாவே அல்ல, வேறு ஏதோ வழிப்போக்கன் என்றுதான் தோன்றுகிறது. எங்கிருந்து வந்தது, எங்கே போனது? யாராலும் சொல்ல முடியாது. அன்று தஞ்சாவூரிலோ மதுரையிலோ மேகம் விலகின ஏதாவது ஓர் ஊரில், ஒரு மிராசுதார், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஒரு கோயில் ஜோசியர், சின்னத் தொலைநோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றாவது தடவை பார்த்துக் குறித்திருந்தால் விஷயம் தீர்ந்திருக்கும். ராஜதானி முழுவதுக்கும் ஒரு கட்டடத்தில் மட்டும் கண் இருந்தது. அந்தக் கட்டடத்துக்கு மேலே மேகம். நூற்றைம்பது வருஷமாகக் கேள்வி அப்படியே கிடக்கிறது.

அந்த நிலையத்தில் முதல் உதவியாளராக இருந்தவர்தான் நான் சொன்ன பெரியவர், சிந்தாமணி ரகுநாதாசாரி. பஞ்சாங்கக் குடும்பத்தில் வந்தவர். 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872இல் லண்டன் ராயல் வானசாஸ்திர சங்கத்தில் உறுப்பினரானார். இந்தியரில் அவரே முதல்வர். 1874இல் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது ஜனங்களுக்கு விளங்க வேண்டும் என்று பல மொழிகளில் ஒரு சிறு நூலே வெளியிட்டார். வாழ்நாளெல்லாம் அவர் அடித்துச் சொன்னது ஒன்றுதான்: பஞ்சாங்கத்தை வானத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்துங்கள். திருக் என்றால் பார்வை. பார்வைக்கு ஒத்த கணிதம் திருக்கணிதம். 1880இல் அவர் காலமானார். ஊரில் இன்னும் இரண்டு பஞ்சாங்கம், இரண்டு சனி. 'பெரியவா எழுதி வெச்சுட்டா' என்று சாய்வு நாற்காலியில் சாய்கிறோம். பெரியவர் எழுதி வைத்தது 'எழுந்து போய்ப் பார்' என்பது!

மெஷின் விவகாரம் ஒன்று பாக்கி. அதில் பாதி நியாயம் இருக்கிறது. ஹவாயிலும் சிலியிலும் ராத்திரி முழுவதும் வானத்தைத் துழாவும் பெரிய தானியங்கித் தொலைநோக்கிகள் வந்துவிட்டன. 2024இல் பெங்களூர்க்காரர்கள் படம் படமாக எடுத்துத் தள்ளினார்களே சூச்சின்ஷான்-அட்லஸ், அந்தப் பெயரில் மனிதரே கிடையாது. ஒன்று ஒரு நிலையம், மற்றது ஓர் இயந்திரத் திட்டம். நட்டநடு இருட்டில் அவற்றோடு போட்டி போட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சூரியனுக்கு அருகில், விடியலுக்கு முந்தின மங்கலில் அடிவானத்தை ஒட்டிய ஒரு பட்டை இருக்கிறது. பெரிய இயந்திரங்கள் அங்கே அதிகம் தலைவைத்துப் படுப்பதில்லை. நிஷிமுரா பிடித்தது அங்கேதான். 2019 ஆகஸ்டில் கிரிமியாவில் கென்னடி போரிஸோவ் தம் கையால் செய்த தொலைநோக்கியில், வேறொரு சூரிய மண்டலத்திலிருந்து வந்த வால்நட்சத்திரத்தைப் பிடித்ததும் அந்தப் பட்டையில்தான். தொலைநோக்கியே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. 1995இல் மேலே போன ஸோஹோ என்ற விண்கலம் சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அது அனுப்பும் படங்களில் 2024க்குள் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வால்நட்சத்திரங்கள் அகப்பட்டுவிட்டன. அகப்பட வைத்தவர்களில் பெரும்பாலோர் உலகமெங்கும் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தப் படங்களைப் பார்த்த சாதாரண ஜனங்கள். இயந்திரம் படம் எடுத்தது. பார்த்தது மனிதக் கண்.

ஆகவே, விடியற்காலை, கிழக்கு அடிவானம். மறைப்பு எதுவும் இருக்கக் கூடாது. பூமத்திய ரேகைக்கு அருகே இருந்தால் வடக்கும் தெரியும், தெற்கும் தெரியும். இப்படி ஓர் இடம் வேண்டும் என்று ஒரு ஜப்பான்காரர் கேட்டால் எதைக் காட்டுவீர்கள்? பதின்மூன்றாம் பாகையில், கிழக்கே கடலைத் தவிர ஒன்றுமில்லாத மெரினாவையும் பெசன்ட் நகரையும் காட்டமாட்டீர்களா? கோத்து மூட்டம் உண்டு, ஈரக்காற்று உண்டு, நெடுக உயரமான விளக்குக் கம்பங்கள் உண்டு. விளக்குக்கு மேலே ஒரு தகரத் தொப்பி போட்டால் வெளிச்சம் கீழே விழும். நடக்கிறவர்களுக்குப் பாதையும் தெரியும், வானமும் தப்பும். இதற்குக் கார்ப்பொரேஷனுக்கு எழுத வேண்டியவர்கள் யார்? தினமும் காலை ஐந்து மணிக்கு அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசுகிறார்கள், மாப்பிள்ளையின் விசாவைப் பற்றிப் பேசுகிறார்கள். எதிரே வானம் வெளுக்கிறது. ஒருவர் தலையும் நிமிரக் காணோம்.

கடற்கரையை விடுங்கள். எங்கள் குடியிருப்பில் மொட்டை மாடிக்குப் பூட்டு. தியாகராய நகரில் முக்கால்வாசிக் குடியிருப்புகளில் இப்படித்தான். சாவி காரியதரிசியிடம். போய்க் கேட்டேன்.

"விடிகாலை நாலு மணிக்கு எதுக்கு சார் சாவி?"

"வானத்தைப் பார்க்க வேண்டும்."

"வானத்துல என்ன சார் இருக்கு?"

பதில் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தி, "எனக்கு ஆட்சேபணை இல்லை, கமிட்டியில வெச்சுத்தான் செய்யணும்" என்றார். வைத்தார்கள். தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்கும் லிஃப்ட் பராமரிப்புக்கும் நடுவே மூன்று நிமிஷம் விவாதம் நடந்தது. வடாம் உலர்த்துவதற்குக் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை மாடி திறந்திருக்கும். மற்ற நேரங்களில் பாதுகாப்பை உத்தேசித்துத் திறக்க இயலாது என்று தீர்மானம்.

அடுத்த கூட்டத்துக்கு மறுபடியும் மனுக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை இரண்டாவது மாடிப் பையன் ஒருவனும் கையெழுத்துப் போட்டிருக்கிறான், ஒன்பதாம் வகுப்பு. மாசியிலும் பங்குனியிலும் விடியற்காலை வானம் ஓரளவு துடைத்தாற்போல் இருக்கும். அதற்குள் சாவி வேண்டும்.